பூண்டு மூட்டைக்குள் போன கடைசி அத்தியாயம்

காளியப்பன் வாசலிலேயே நின்றார். தலையில் கோணிச்சாக்கைக் கொங்காணியாக மடித்துப் போட்டிருந்தார். அதன் நுனியிலிருந்து மழைத் தண்ணீர் சொட்டியது. "உள்ளே வாங்கண்ணே, ஏன் நனையுறீங்க?" என்றேன். அசையவில்லை. அவருடைய பொதிக் குதிரைகள் இரண்டும் சேணம்கூட அவிழ்க்காமல் தெருவில் நின்றன. வீட்டுக்குப் போகாமல் நேரே எங்களிடம் வந்திருக்கிறார்.

"டீச்சரம்மா, ஒரு தப்பு நடந்துபோச்சுங்க."

"என்ன தப்பு?"

"நீங்க குடுத்துவிட்ட காயிதக் கட்டு..."

அவ்வளவுதான் காதில் விழுந்தது. அதற்குப் பிறகு அவர் வாய் அசைவது மட்டும் தெரிந்தது.

அந்தக் காகிதக் கட்டு என் முதல் தொடர்கதையின் கடைசி அத்தியாயம். பதினாறு பக்கம். அதற்கு நகல் கிடையாது.

உசுரு மாதிரி

கொடைக்கானல் மலையில், பெருமாள்மலையிலிருந்து வடகவுஞ்சி போகும் வழியில், இரண்டு மணி நேர நடையில் ஒரு சிற்றூர். அங்கே ஆரம்பப் பள்ளியில் நானும் என் கணவரும் ஆசிரியர்கள். தபாலாபீஸ் பெருமாள்மலையில்தான். வாரத்துக்கு ஒரு நாள் காளியப்பன் ஊராரின் பூண்டைக் குதிரையில் ஏற்றி அங்கே கொண்டுபோய் லாரியில் சேர்ப்பார். அவரிடம்தான் என் அத்தியாயங்களைக் கொடுத்தனுப்புவேன். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இருபத்து மூன்று வாரமும் ஒரு முறைகூடத் தவறவிட்டதில்லை.

கடைசி அத்தியாயம் என்பதால் இந்த முறை எனக்குக் கொஞ்சம் கூடுதல் பதற்றம். "அண்ணே, இதை உசுரு மாதிரி வச்சுக்கங்க" என்று சொல்லிக் கொடுத்தேன். என் வாய் சும்மா இருந்திருக்கலாம்.

"இடுப்புல வச்சா நனையும், தலையில வச்சாலும் நனையும்" என்றார் காளியப்பன். "பூண்டு மூட்டைக்குள்ள வச்சா ஒரு பொட்டு ஈரம் படாதுங்க. அதான் மூட்டை வாயைப் பிரிச்சு உள்ள சொருகித் தச்சுட்டேன். பெருமாள்மலையில எடுத்துக் குடுத்துருவோம்னுதான் இருந்தேன். அங்க போனா டிரைவரு மண்ணு சரியுது, வெரசா ஏத்துங்கன்னு கத்துறாரு. நான் குதிரைக்குத் தண்ணி காட்டிட்டு வாறதுக்குள்ள மூட்டை அம்புட்டும் லாரியில கெடக்கு. லாரியும் கெளம்பிருச்சு. பாதி வழி வந்தப்பறந்தான் எனக்கு நெஞ்சு பகீர்ன்னுச்சு."

கேட்பவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். எங்கள் ஊர்க்காரர் யாரைக் கேட்டாலும் காளியப்பன் செய்ததுதான் சரி என்பார்கள். அந்த மலையில் ஐப்பசி, கார்த்திகையில் ஈரம் படாத இடம் வீட்டுக்குள் ஒன்றே ஒன்றுதான். பூண்டைக் கொத்துக் கொத்தாக அடுப்புக்கு மேலே தொங்கவிட்டுப் புகை காட்டுவார்கள். சருகாகக் காய்ந்த அந்தப் பூண்டுக்குள்தான் நிலப் பத்திரம், ஜாதகம், தீப்பெட்டி எல்லாம் இருக்கும்.

நானே அப்படித்தான் செய்துவந்தேன். மூடுபனி மேசைமேல் இருக்கும் காகிதத்தை அப்பளம் மாதிரி நமுக்க வைத்துவிடும். பேனா மை பரவும். கார்பன் தாள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நகல் எடுக்காததற்குக் காரணம் அதுதான், சோம்பல் இல்லை. எழுதிய தாள்களை அடுப்புக்கு மேலே கம்பியில் பூண்டோடு பூண்டாகத் தொங்கவிட்டுக் காயவைப்பேன். "உங்கள் கைப்பிரதியைப் பிரித்தால் கம்பாசிட்டர்களுக்குப் பசி எடுக்கிறதாம்" என்று பத்திரிகை ஆசிரியர் ஒரு முறை எழுதியிருந்தார். அவர் நகைச்சுவையாக எழுதிய ஒரே கடிதம் அதுதான்.

மற்ற கடிதங்கள் எல்லாம் வேறு மாதிரி. நான் ஏற்கெனவே இரண்டு முறை தாமதம் செய்திருந்தேன். அதனால் இந்த முறை தெளிவாகவே எழுதிவிட்டார். வெள்ளிக்கிழமை காலை அச்சகத்தில் அத்தியாயம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 'தவிர்க்க முடியாத காரணங்களால் தொடர் நிறுத்தப்படுகிறது' என்று ஒரு வரி போட்டுவிட்டு அடுத்தவரின் தொடரைத் தொடங்கிவிடுவார்கள். இனி உங்களுடைய எழுத்தைப் பரிசீலிப்பதும் கடினம் என்று கீழே ஒரு வரி.

காளியப்பன் வந்து நின்றது புதன்கிழமை மாலை.

துணி அறையில் ஒரு நோட்டு

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது. ஒரு தொடர் போனால் என்ன, குடியா முழுகிவிடும் என்று கேட்பவர்களுக்காக.

கல்யாணத்துக்கு முன்னால், ஐம்பதுகளின் கடைசியில், கொடைக்கானலில் ஒரு விடுதிப் பள்ளியில் துணிக் கணக்குப் பார்க்கும் வேலையில் இருந்தேன். பிள்ளைகளின் கம்பளிச் சட்டை, போர்வை எல்லாவற்றையும் எண் பார்த்து அடுக்க வேண்டும். அந்த அறையில் நாப்தலின் உருண்டை வாசனையில் தலைவலிக்கும். ஆனால் ஆள் வராத அறை. போர்வை அடுக்குக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு நாவல் எழுதினேன்.

விடுதி மேற்பார்வையாளர் அம்மாள் ஒரு நாள் பிடித்துவிட்டார். "டியூட்டி டைம்ல ஸ்டோரியா? யாரு உனக்கு பர்மிஷன் குடுத்தா? லவ் ஸ்டோரி வேற! கேர்ள்ஸ் கையில கெடச்சா என்னாகும்?" என்றார். நோட்டைக் கையோடு கொண்டுபோய் வெந்நீர் பாய்லரில் போட்டார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அழக்கூட இல்லை. அன்றைக்கு அந்த விடுதியில் எல்லாரும் என் நாவலில் குளித்தார்கள்.

அதற்குப் பிறகு மூன்று வருஷம் ஒரு வரிகூட எழுத முடியவில்லை. எழுத உட்கார்ந்தால் யாரோ பின்னால் நிற்கிற மாதிரியே இருக்கும். கல்யாணமாகி, மலைக்கிராமத்துக்கு வந்து, சிறுகதைகளாக எழுதி அனுப்பி, அதில் பாதி திரும்பி வந்து, மீதி என்ன ஆயிற்று என்றே தெரியாமல் போய், கடைசியில் கிடைத்ததுதான் இந்தத் தொடர். இதுவும் போனால் மறுபடியும் எழுத முடியாது என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. அந்தப் பயம் எப்படிப்பட்டது என்பதை இப்போதுகூட என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை.

சின்னத்தாயின் முடிவு

தொடரின் நாயகி சின்னத்தாய். மலையில் பூண்டு போடும் விதவை. கணவன் இறந்ததும் மைத்துனன் அவளை நிலத்திலிருந்து துரத்தப் பார்க்கிறான். அவளைப் பற்றி ஊரில் கதை கட்டிவிடுகிறான். அவளுக்கு ஒரு பெண் குழந்தை வேறு. இருபத்து மூன்று வாரம் அவளை அவ்வளவு பாடுபடுத்திவிட்டு, கடைசி வாரத்தில் அவள் தன் உயிரைத் தானே முடித்துக்கொள்வதாக எழுதியிருந்தேன்.

பத்திரிகை ஆசிரியர் அதைத்தான் எதிர்பார்த்தார். "கடைசி அத்தியாயத்தில் வாசகர் அழ வேண்டும். சின்னத்தாய் பிழைத்துப் போய் எங்கே போவாள்?" என்று எழுதியிருந்தார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. அந்தப் பதினாறு பக்கத்தில் கடைசி நான்கு பக்கத்தை எழுதும்போது நானே விம்மி விம்மி அழுதேன். என் கணவர் அடுப்படியிலிருந்து ஓடிவந்து தேள் கொட்டிவிட்டதா என்று கேட்டார்.

"திருப்பி எழுதிவிடேன்"

என் கணவர் எதற்கும் பதறாத மனிதர். அன்று மாலையும் அப்படித்தான். "நீதானே எழுதினாய். திருப்பி எழுதிவிடேன்" என்றார்.

"வாந்தி எடுத்ததைத் திருப்பி எடுக்கச் சொல்றீங்களா?" என்று கத்தினேன். காளியப்பன் பயந்து ஓர் அடி பின்னால் போனார்.

லாரி ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்குப் போகிறது. மூட்டையில் நீல மையில் ஒரு வட்டம் போட்டிருக்கும். எந்த மண்டி என்பதும் காளியப்பனுக்குத் தெரியும். விடிவதற்கு முன்பு புறப்பட்டால் மத்தியானத்துக்குள் போய்விடலாம். மூட்டையைப் பிடித்துவிட்டால், ஒட்டன்சத்திரம் ஸ்டேஷனுக்கு நாலு மணி சொச்சத்துக்கு வரும் ரயிலின் தபால் பெட்டியில் உறையைச் சேர்த்துவிடலாம். வெள்ளி காலை சென்னைக்குப் போய்விடும். இதெல்லாம் என் கணவர் போட்டுக் கொடுத்த கணக்கு. அவரால் போக முடியாது. மறுநாள் பள்ளிக்கு இன்ஸ்பெக்டர் வருகிறார். இருவரில் ஒருவர் இல்லாவிட்டால் காய்ச்சல் என்று சொல்லலாம், இருவரும் இல்லாவிட்டால் பூட்டிய பள்ளிக்கு என்ன சொல்வது?

"வெள்ளனே நான் வந்து பெருமாள்மலை வரைக்கும் கூட்டிப்போறேன் டீச்சரம்மா" என்றார் காளியப்பன். அன்றிரவு அவரும் தூங்கியிருக்க மாட்டார்.

பெருமாள்மலையில் பஸ் ஏறினேன். வத்தலக்குண்டு இறங்கும் வரைக்கும் ஒவ்வொரு வளைவிலும் எதிர் வண்டிக்காக நின்றது. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் எனக்கு ஒரு உயிர் போனது. முன் சீட்டில் ஒருவர் வாந்தி எடுத்தார். டிரைவர் இறங்கித் தேநீர் குடித்தார். அவர் கிளாஸை ஆற்றி ஆற்றிக் குடித்ததைப் பார்த்தபோது அவரைக் கடித்துவிடலாம் போலிருந்தது. வத்தலக்குண்டில் பஸ் மாறி ஒட்டன்சத்திரம் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றாகப் போகிறது.

நீல வட்டம்

அந்த மண்டிக்குள் நுழைந்ததும் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மூட்டை தூக்குகிறவர்கள், தரகர்கள், லாரிக்காரர்கள். பெண்கள் என்றால் ஓரமாக உட்கார்ந்து பூண்டு தரம் பிரிப்பவர்கள் மட்டும்தான். மடிப்புச் சேலையும் கைப்பையுமாக ஒருத்தி வந்து நின்றால் யாருக்கும் என்ன என்று புரியாதுதான்.

மண்டிக்காரர் மரியாதையாகவே பேசினார். "நீல வட்டமாங்க? மலைப் பூண்டு. காலையில ஆறு மணிக்கே ஏலம் முடிஞ்சு போச்சுங்களே. பாலக்காட்டுக்காரங்க மொத்தமா எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"மூட்டையைப் பிரிச்சுப் பாத்திருப்பீங்களே?"

"மாதிரிக்கு ஒரு மூட்டை பிரிப்போம்மா. மத்ததெல்லாம் தையலோட அப்படியே போகும்."

"லாரி எவ்வளவு தூரம் போயிருக்கும்?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "இந்நேரம் எறக்கிக்கிட்டு இருப்பாங்க. உள்ள பணமாம்மா? நகையா?"

"காகிதம்."

"பத்திரமா?"

"கதை" என்றேன். சொல்லிவிட்டு அங்கே ஒரு சாக்குக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டேன். மண்டிக்காரர் கணக்கப்பிள்ளையைப் பார்த்தார். அவர் எனக்கு ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தேனோ. 'தவிர்க்க முடியாத காரணங்களால்' என்ற வரி கண்ணுக்கு முன்னால் அச்சில் தெரிந்தது. பாய்லர் அறையும் ஞாபகம் வந்தது. திடீரென்று எழுந்து, "எனக்குக் கொஞ்சம் காகிதம் வேணும்" என்றேன். வேண்டாத பட்டியல் தாள்களை ஒரு கத்தை எடுத்துக் கொடுத்தார்கள். முன்பக்கம் காய்கறிப் பெயர், பின்பக்கம் வெற்று. தராசுக்குப் பக்கத்தில் ஒரு மரப்பெட்டியை இழுத்துப் போட்டு எழுதத் தொடங்கினேன்.

"சாகவா இம்புட்டு அவசரம்?"

முதல் மூன்று பக்கம் வரவே இல்லை. காலை வரைக்கும் மனப்பாடமாக இருந்த வரிகள் ஒன்றுகூட நினைவில்லை. பிறகு, எப்படி என்று தெரியாது, கை ஓட ஆரம்பித்தது. மைத்துனன் வந்து வாசலில் நின்று கத்தும் இடம், ஊர்க்கூட்டம், சின்னத்தாய் யாரிடமும் பதில் பேசாமல் எழுந்துபோகும் இடம். என்னைச் சுற்றிப் பூண்டுத் தோல் பறந்தது. தலைக்கு மேலே மூட்டை போனது.

பக்கத்தில் பூண்டு பிரித்துக்கொண்டிருந்தவள் பெயர் மாரக்கா. என் வயதுதான் இருக்கும். ரொம்ப நேரமாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்ன தாயி, மனுவா எழுதுறீக? எனக்கும் ஒண்ணு எழுதிக் குடுங்க. தாலுகா ஆபீசுல பட்டாவுக்கு மூணு வருசமா நடக்கேன்."

"மனு இல்லக்கா, கதை. பேசாதீங்க. நாலு மணி ரயிலுக்குள்ள முடிக்கணும்" என்று வெடுக்கென்று சொன்னேன். இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "என்னதான் கதை?" என்றாள்.

"ஒரு பொம்பளை. கடைசியில அவ சாகணும்."

மாரக்கா கையிலிருந்த பூண்டை முறத்தில் போட்டுவிட்டுச் சிரித்தாள். சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள். "சாகவா இம்புட்டு அவசரம்? ரயிலுக்கு நேரமாச்சுன்னா உசுரோட விட்டுட்டுப் போக வேண்டியதுதானே! அவ பொழைச்சுக் கெடந்துட்டுப் போறா."

கணக்கப்பிள்ளையிடம் மணி கேட்டேன். மூன்று முப்பத்தைந்து. ஸ்டேஷனுக்கு நடக்கவே கால் மணி ஆகும். சின்னத்தாயைச் சாகடிக்க நான்கு பக்கம் வேண்டும். அவசரமாகச் சாகடித்தால் படிப்பவன் சிரிப்பான். பிழைக்கவைக்க அரைப் பக்கம் போதும்.

நான் பெரிய கொள்கையெல்லாம் யோசிக்கவில்லை என்பதை இங்கே எழுதிவைத்துவிடுகிறேன். சின்னத்தாய் விடிகாலையில் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறாள். மலையடிவாரம் போகும் பூண்டு லாரியைக் கைகாட்டி நிறுத்துகிறாள். மூட்டைமேல் ஏறி உட்காருகிறாள். லாரி போகிறது. அவ்வளவுதான். 'முற்றும்' என்று எழுதி, மண்டியிலிருந்த பசையால் உறை ஒட்டி, கைப்பையில் எப்போதும் வைத்திருக்கும் தபால்தலைகளை ஒட்டிக்கொண்டு ஓடினேன். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒட்டன்சத்திரம் கடைத்தெருவில் ஓடினேன் என்றால் நம்புவீர்களா? ஓடினேன்.

ரயில் நின்றுகொண்டிருந்தது. தபால் பெட்டியில் கூடுதல் தபால்தலை ஒட்டிக் கொடுத்தால் கடைசி நேரத்திலும் வாங்கிக்கொள்வார்கள். ஜன்னலில் இருந்தவர் உறையை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். எனக்கு மூச்சு வாங்கியது.

ஒரு கார்டும் ஒரு கடிதமும்

அடுத்த வாரம் ஆசிரியரிடமிருந்து ஒரு கார்டு வந்தது. "முடிவை என்னைக் கேட்காமல் மாற்றிவிட்டீர்கள். அச்சுக்கு நேரமாகிவிட்டதால் அப்படியே போட வேண்டியதாயிற்று. வாசகர்கள் ஏமாற்றமடைவார்கள்." அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் அந்தப் பத்திரிகையிலிருந்து எனக்கு எந்த வேலையும் வரவில்லை. முதல் ஒரு மாதம் ஒவ்வொரு நாளும் சின்னத்தாயை ஒழுங்காகச் சாகடித்திருக்கலாம் என்று நினைத்து நினைத்து மருகினேன். காளியப்பனைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். பாவம், அவரும் என்னைக் கண்டால் குதிரையை வேறு பக்கம் ஓட்டுவார்.

கதை புத்தகமாக வந்த பிறகுதான் பேச ஆரம்பித்தார்கள். அந்தக் காலத்திலேயே ஒரு விதவையைத் துணிந்து வாழவைத்தவர் என்று மேடைகளில் என்னை அறிமுகப்படுத்துவார்கள். போன மாதம்கூட ஒரு கல்லூரி மாணவி, "அந்த முடிவை எழுத உங்களுக்கு எங்கிருந்து தைரியம் வந்தது?" என்று கேட்டாள். நான் வழக்கம்போல எதையோ சொல்லிச் சமாளித்தேன்.

சமாளிக்க முடியாதது ஒரு கடிதம். ஆசிரியரின் கார்டு வந்து ஒரு மாதம் இருக்கும். பத்திரிகை அலுவலகத்திலிருந்து திருப்பி அனுப்பியிருந்தார்கள். பள்ளி நோட்டுத் தாளில் பென்சிலால் எழுதியது. பெரியகுளம் பக்கத்தில் ஒரு ஊர்ப் பெயர் போட்டிருந்தது, பிறகு அதை அடித்துத் திண்டுக்கல் என்று எழுதியிருந்தது.

"அம்மா, நான் அதிகம் படிக்காதவள். என் வீட்டுக்காரர் போன பிறகு எனக்கும் சின்னத்தாய்க்கு நடந்ததுதான் எல்லாம் நடந்தது. வாராவாரம் அடுத்த வீட்டில் வாங்கிப் படிப்பேன். அவள் என்ன முடிவு எடுக்கிறாளோ அதையே நானும் எடுப்பது என்று மனசுக்குள் வைத்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. கடைசி வாரம் புத்தகம் வர ஒரு நாள் தாமதம், அன்றைக்கு நான் பட்டது எனக்குத்தான் தெரியும். அவள் லாரியில் ஏறிப் போய்விட்டாள். நானும் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். இங்கே மில்லில் சோலி கிடைத்திருக்கிறது. உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது."

பள்ளிக்கூடத்தில் வைத்துப் பிரித்தேன். கரும்பலகையைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பதினாறு பக்கம் பூண்டு மூட்டையோடு போகாமல் நேரே தபாலுக்குப் போயிருந்தால்? நான் அழுது அழுது எழுதிய நான்கு பக்கத்தை அவள் அடுத்த வீட்டில் உட்கார்ந்து படித்திருந்தால்? அன்று மாலையே காளியப்பன் வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவி கொடுத்த காபியைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

எத்தனையோ வாசகர்களுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். அந்தப் பெண்ணுக்கு மட்டும் எழுதவில்லை. எத்தனை முறை உட்கார்ந்தேன் தெரியுமா? "உன் தைரியத்தைப் பாராட்டுகிறேன்" என்று எழுதினேன், கிழித்தேன். "சின்னத்தாய் வாழ வேண்டும் என்றுதான் நான் நினைத்தேன்" என்று எழுதினேன், அது பச்சைப் பொய். ரயிலுக்கு நேரமாகிவிட்டது, அதனால்தான் அவளை உயிரோடு விட்டேன் என்று ஒரு பெண்ணுக்கு எப்படி எழுதுவது?